கண்காட்சியில் கருப்பட்டி கொள்முதல்

அண்ணாச்சி, பாளையங்கோட்டைக் கடைக்குக் கருப்பட்டி வாங்க மதுரை உணவுக் கண்காட்சிக்கு முதல்முறை போகிறேன், அங்கேயே ஆர்டர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கார்டும் மாதிரியும் வாங்கி வந்தால் போதும்.

தட்டில் வைத்திருக்கும் துண்டை நம்பாதீர்கள். முழு வட்டு ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். நாலைந்து ருசி பார்த்ததும் நாக்கு மரத்துவிடும், நடுநடுவே வெந்நீர் குடியுங்கள்.

'உடன்குடி' என்ற போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உடன்குடி ஊர்க் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும். கசிந்த சரக்கைத் திருப்பி எடுப்பார்களா என்பதை விலைக்கு முன்பே பேசிவிடுங்கள்.