"இதுக்கா கூப்பிட்டீங்க?"

அன்புள்ள டாக்டர்,

மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஆறு வருடமாக மருத்துவச்சியாக இருக்கிறேன். போன மாதம் ஓர் இரவு, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று தோன்றி மகப்பேறு மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது துடிப்பு ஒழுங்காக இருந்தது. "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று அந்தத் தாயின் முன்னாலேயே கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொரு பெண், அதே சந்தேகம். போனைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் தயங்கினேன். குழந்தை நலம்தான். ஆனால் அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. நாமெல்லாம் ஒரே அணி என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த இருபது நிமிடத்தை முழுக்க உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். பாதிக்கு மேல் அந்த மருத்துவருடையது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில் அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு மூத்த சிஸ்டர் அழைத்திருந்தார். போய்க் கேட்டால் துடிப்பு 140. "நல்லாத்தானே இருக்கு, இதுக்கா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. தாயின் வயிற்றில் கையை வைத்தபடி, "அடுத்த வலி வரட்டும் டாக்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றார். வலி வந்தது, உச்சத்துக்குப் போனது, வயிறு இளகத் தொடங்கியது. அப்போதுதான் துடிப்பு இறங்கியது. 120, 100, 85. மறுபடி ஏறி வர ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அவர் நிறுத்தாவிட்டால் நான் கிளம்பியிருப்பேன். சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தபோது பனிக்குட நீர் கரும்பச்சையாக இருந்தது. குழந்தை அழுதது.

உங்கள் மருத்துவர் பார்த்ததும் இரண்டு வலிக்கு நடுவிலான ஒரு நிமிடமாக இருக்கலாம். நீங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காது வைத்துக் கேட்கிறவர். வந்து பார்க்கும்போது சரியாக இருந்தது என்பதால் நீங்கள் கேட்டது பொய்யாகிவிடாது.

யார் எப்போது கூப்பிடுவது என்பதைத் தைரியத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. 1972இல் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள், இன்றைய ஜிம்பாப்வேயில், பிரசவம் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது என்று குறித்துவரும் பார்ட்டோகிராஃப் தாளில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்தது இதற்காகத்தான். மருத்துவர் இல்லாத இடத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, தாளில் குறிப்பது அந்தக் கோட்டைத் தாண்டினால் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொண்டுவந்த புதிய பிரசவப் பராமரிப்புத் தாளிலும் எந்த அளவு வந்தால் உஷாராக வேண்டும் என்று தனிப் பத்தியே உண்டு.

உங்கள் தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மோர்கம் பே மருத்துவமனைகள் பற்றிய 2015 விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சரியான கவனிப்பு இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய 11 குழந்தைகள், ஒரு தாய். மருத்துவச்சிகளுக்கும் மருத்துவர்களுக்கும் உறவு முறிந்திருந்தது. எப்பாடுபட்டாவது சுகப்பிரசவம் என்று சில மருத்துவச்சிகள் பிடிவாதமாக இருந்ததையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை. கூப்பிடாமல் இருப்பதற்குப் பயம்தான் காரணம் என்றில்லை, கொள்கையும் காரணமாகலாம்.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கில் நிலைமை வேறு. அங்கே மருத்துவருக்காகக் காத்திருக்கவே கூடாது. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவுக் கோடு போட்ட விரிப்பில் அளந்து, உடனே சிகிச்சை முழுவதையும் ஒருசேரத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மருத்துவச்சிகள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன.

அப்புறம் போனில் பேசும் விதம். "டாக்டர், கொஞ்சம் வர முடியுமா" என்று கேட்காதீர்கள். "மூணாம் நம்பர் ரூம், தலைப்பிரசவம், கருப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருக்கு. மூணு வலியா துடிப்பு 90க்கு இறங்கி மெதுவா ஏறுது. நீங்க இப்பவே வரணும்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரை அழையுங்கள்.

அந்த மருத்துவரிடம் ஒரு பகல் நேரத்தில், வார்டு அமைதியாக இருக்கும்போது, இரண்டு பெண்களின் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். இருபது நிமிடம் தயங்கியதை அப்படியே சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.