ராஸ்கல், ரோக், ஸ்கவுண்ட்ரல், வில்லன்: எல்லாம் ஒரே திட்டுதானா?

இல்லை. நான்கும் கெட்டவனைத்தான் குறிக்கின்றன, ஆனால் கனம் வேறு.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ராஸ்கலில். தமிழில் யாரையாவது அப்படித் திட்டினால் சண்டை உறுதி. இன்றைய ஆங்கிலத்திலோ அது பெரும்பாலும் செல்லத் திட்டு: பிஸ்கட் திருடித் தின்ற பேரனைப் பார்த்துத் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வது. பழைய பொருள் கடுமையானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது கீழ்மட்டக் கும்பலைக் குறித்தது. காலனிக் கால அதிகாரத் தொனி நம் வசவில் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

ரோக் என்றால் எந்தக் கட்டுக்கும் அடங்காதவன். 1597இல் இங்கிலாந்து இயற்றிய சட்டமொன்று வேலையின்றி ஊர் சுற்றுவோரை இந்தப் பெயராலேயே தண்டித்தது. கூட்டத்தைப் பிரிந்து தனியே திரியும் முரட்டு யானையை 'ரோக் எலிஃபன்ட்' என்பதும் இதனால்தான். கொஞ்சம் வசீகரமும் இந்தச் சொல்லில் உண்டு. பெண்களை மயக்கும் போக்கிரியைச் சிரித்தபடி 'லவபிள் ரோக்' என்பார்கள்.

ஸ்கவுண்ட்ரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம்பியவரை ஏமாற்றும் அயோக்கியன், அவ்வளவுதான். சற்றே பழைய வாடை அடிக்கும் சொல். ஆனாலும் அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.

வில்லன் கதை சுவாரசியமானது. லத்தீனில் 'வில்லா' என்பது பண்ணை வீடு. அங்கே உழைத்த குடியானவனே முதல் வில்லன். மேட்டுக்குடியின் இளக்காரம் உழைப்பாளியின் பெயரைக் கெட்டவன் பெயராக்கிவிட்டது. இன்று அது முதன்மையாகக் கதையில் வரும் எதிராளி. பிரிட்டனில் பேச்சுவழக்கில் தொழில்முறைக் குற்றவாளியையும் அப்படிச் சொல்வதுண்டு.