பாட்டு படிக்கட்டும், கடன் வேண்டாம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாக்ஸ்வில்லில் இருந்து ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். அங்கேயே பிறந்த மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். மாண்டலின் வாசிக்கிறாள், கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டு எழுதுகிறாள். டல்லாஸ் மாமா மெடிசின்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மாவோ, பாட்டுதான் என்றால் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகமாகவே பார்த்துவிடலாம், கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்.

கவலை நியாயம்தான். ஆனால் இரண்டுமே வேண்டாம். ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்று சொல்கிற பெண்ணிடம் மெடிசினை மறுபடி எடுக்காதீர்கள். ஃபீஸ் கட்டப்போவது மாமா இல்லை.

“எல்லாரும் டாலி பார்ட்டன் ஆக முடியுமா?” என்கிறார் அப்பா. கன்ட்ரி பாடகி டாலி ஆக முடியாதுதான். அவருடைய குரலும் புகழும் யாருக்கும் வராது. அவர் கணக்குப் பார்த்த விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் பக்கத்து சீவியர் கவுண்டிக்காரர், 12 பிள்ளைகளில் ஒருவர். 1964-ல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் போனவர், சீக்கிரமே தாய்மாமனோடு சேர்ந்து பாடல் உரிமை நிறுவனம் தொடங்கினார் (மாமாக்களில் இப்படியும் உண்டு). அவர் எழுதிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வை பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாடுவதாக இருந்தபோது, உரிமையில் பாதி வேண்டும் என்றார் எல்விஸின் மேனேஜர். டாலி மறுத்தார். 1992-ல் பாடகி விட்னி ஹூஸ்டன் அதைப் பாடி ஹிட்டாக்கினார். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் பணம் எழுதியவருக்கும் உரிமையாளருக்கும்தான். பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. 1980-ல் முதல் படத்தில் நடிக்கப் போனபோதும் ‘நைன் டு ஃபைவ்’ பாட்டை அவரே எழுதினார், செயற்கை நகங்களைத் தட்டித் தாளம் போட்டு.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது, ஜான்சன் சிட்டியில் உள்ள ஈஸ்ட் டென்னசி ஸ்டேட் யூனிவர்சிட்டி. அரசுப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். 1982 முதல் புளூகிராஸ் இசையை (கன்ட்ரியின் ஒரு வகை, தந்தி வாத்தியங்களில் வாசிப்பது) பாடமாகவே நடத்துகிறார்கள். பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின் எல்லாம் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளலாம். மாணவர்களே பேண்டாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்து மேடை ஏறுவதும் படிப்பில் சேர்த்தி. கன்ட்ரி பாடகர் கென்னி செஸ்னி அங்கே படித்தது விளம்பரத் துறை. வாசித்தது மாணவர் புளூகிராஸ் பேண்டில். தானே பதிவு செய்த ஆல்பத்தை விற்ற காசில் கிட்டார் வாங்கினார். இவளும் பாட்டோடு கணக்கியலோ மார்க்கெட்டிங்கோ சேர்த்துப் படிக்கட்டும்.

மாநிலத்துக்குள் இருப்பவர்களுக்கான கட்டணம்தான் உங்களுக்கு. ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி) 3.0 அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 21 இருந்தால் லாட்டரிப் பணத்தில் வரும் ஹோப் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இதற்கு மேல் உங்கள் பெயரில் கடன் கேட்கும் எந்தக் கல்லூரியிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், தோழியோடு சேர்ந்து பாட்டு எழுதுகிறாளாமே? யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு யூடியூபில் ஏற்றச் சொல்லுங்கள்.