கண்ணுக்கே தெரியாத கருந்துளை இருக்கிறதென்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு பொருள் தெரிய வேண்டுமென்றால் அது தானாக ஒளிவிட வேண்டும், இல்லையேல் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கருந்துளை இரண்டையும் செய்யாது. டார்ச் அடித்தாலும் அந்த வெளிச்சத்தையும் விழுங்கிவிடும்.

ஆனால் அதன் ஈர்ப்பு ஒளிந்துகொள்ளாது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எஸ்2 என்ற விண்மீன். தனுசு ராசியின் திசையில், நம் பால்வெளியின் மையத்தருகே இருக்கிறது. இடையில் தூசி அடர்ந்திருப்பதால் அகச்சிவப்புக் கதிரில்தான் பார்க்க முடியும். ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் என்ற இரு வானியலாளர்களின் குழுக்களும் 1990களிலிருந்து தனித்தனியே அதை விடாமல் பின்தொடர்ந்தன. ஒரு சுற்றுக்கு 16 ஆண்டு. 2018 மே மாதம் மையத்தை நெருங்கியபோது அதன் வேகம் நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல்! அப்படிப் பாய்வதை இழுத்து வளைக்கச் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை வேண்டும். அத்தனை சூரியன்கள் அங்கே குவிந்திருந்தால் எப்படி ஜொலித்திருக்கும்? அந்த இடமோ இருண்டு கிடக்கிறது. இதற்காகவே 2020இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வேறு வழிகளும் உண்டு. கருந்துளைக்குள் விழும் முன் வாயு சுழன்று சூடேறி எக்ஸ் கதிர்களை வீசும். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை அப்படிச் சிக்கியதுதான். இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலையை, அதாவது வெளியையே நெளியவைக்கும் அலையை, லைகோ என்ற உணர்கருவி 2015 செப்டம்பரில் பதிவு செய்தது.

2019இல் எல்லோரும் பகிர்ந்த ஆரஞ்சு வளையப் படம்? அது எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் நிழல். சுற்றியுள்ள வாயுவின் ரேடியோ அலைகளைக் கொண்டு உருவாக்கியது. அந்த ஆரஞ்சு நிறம் நாம் பூசியது!