கிடங்கில் ஒரு எண், எக்செலில் ஒரு எண்

கேள்வி: பாங்காக் சீலோம் பகுதியில் பதினோரு வருடமாக மளிகைச் சாமான் இறக்குமதி செய்து, இந்திய உணவகங்களுக்கும் கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் நானும் மனைவியும் மட்டும். இப்போது 16 பேர், சமுத் பிராகானில் ஒரு கிடங்கு, ஷாப்பி, லாசாடா இணையக் கடைகளில் விற்பனை வேறு. ஸ்டாக் எக்செலில் இருக்கிறது, ஆர்டர் லைன் செயலிக் குழுவில் வருகிறது, வரிக் கணக்கை வெளியே ஒரு கணக்கு அலுவலகம் பார்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில், அதாவது ஈ.ஆர்.பி.யில், கொண்டுவரச் சொல்லி இரண்டு கம்பெனிகள் துரத்துகின்றன. மதுரையில் அண்ணன் கடையில் டேலி மென்பொருள் ஓடுகிறது. அதையே போட்டுக்கொண்டால் என்ன என்றும் தோன்றுகிறது. உண்மையில் இது எனக்குத் தேவையா?

பதில்: தேவை. விற்க வந்தவர்கள் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டியிருப்பார்கள், அதை ஒதுக்கிவையுங்கள். உங்களுக்கான காரணம் சமுத் பிராகான் கிடங்கில் இருக்கிறது.

வருடத்துக்கு 18 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு மேல் விற்பவர் தாய்லாந்தில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப் பதிவு செய்து பொருள் விற்பவர், சரக்கு வரவு செலவு அறிக்கை ஒன்றும் வைத்திருக்க வேண்டும். பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. சரக்கு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் மூன்று வேலை நாளுக்குள் அதில் ஏற வேண்டும். வரித்துறை அதிகாரி வந்து மூட்டைகளை எண்ணி, அறிக்கையில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறை ‘விற்பனை’ என்றே கொள்ளப்படும். 7 சதவீத வாட், அதற்கு மேல் அபராதம், மாதம் 1.5 சதவீதக் கூடுதல் தொகை. எலி கடித்தது, பையன் லைனில் சொன்னதை யாரும் எக்செலில் ஏற்றவில்லை என்றெல்லாம் சொல்லி நிற்க முடியாது. காலாவதியான சரக்கைக் கொட்டுவதற்குக்கூட சாட்சியும் ஆவணமும் வேண்டும்.

இப்போது உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரே மிளகாய்ப் பொடிப் பெட்டி லைனில் ஒருமுறை, எக்செலில் ஒருமுறை, மாதக் கடைசியில் கணக்கு அலுவலகத்தில் ஒருமுறை எழுதப்படுகிறது. மூன்று பேர், மூன்று எண். டெலிவரிச் சீட்டு போட்ட உடனே ஸ்டாக் குறைந்து, வரி விலைப்பட்டியலும் விற்பனை வரிப் பதிவும் தானாக விழுந்தால் எண் ஒன்றுதான் இருக்கும். ஒருங்கிணைந்த மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் காசு இதற்குத்தான். மற்றதெல்லாம் உபரி.

அண்ணன் கடையில் ஓடுவது இந்திய ஜி.எஸ்.டி.க்கு அமைத்தது. அதை அப்படியே கொண்டுவந்தால் இங்கே தாய்லாந்து வரிப் படிவங்களை யாரோ கையால் நிரப்ப வேண்டியிருக்கும்.

டெமோவுக்கு வருகிறவர்களிடம் அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை ஓட்டவிடாதீர்கள். உங்களுடைய மோசமான வாரம் ஒன்றின் காகிதங்களைக் கொடுங்கள். நான் பார்க்கச் சொல்வது இவை. விலைப்பட்டியலில் வாங்குபவரின் 13 இலக்க வரி எண்ணும், தலைமை அலுவலகமா கிளையா என்பதும் வருகிறதா? நீங்கள் பணம் கட்டும்போது வாடகைக்கு 5 சதவீதம், லாரிக்கு 1, விளம்பரத்துக்கு 2, மற்ற சேவைகளுக்கு 3 என்று வரி பிடித்தம் செய்து, அதற்கான ‘50 தவி’ சான்றிதழை அதுவே அச்சடிக்கிறதா?

அப்புறம், சேவைக்கான வாட் பணம் கட்டும்போதுதான் கணக்கில் வரும். பொருளுக்கு ஒப்படைத்த அன்றே வந்துவிடும். விளம்பரக் கம்பெனி பில் அனுப்பிவிட்டது, நீங்கள் இன்னும் கட்டவில்லை என்றால், அந்த வரியை ‘இன்னும் உரிமை வராத வரி’ என்று தனியாக ஒதுக்கி வைக்கத் தெரிய வேண்டும். வெளிநாட்டில் செய்த பல மென்பொருள்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று ‘வாங் பின்’, அதாவது பில்லைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம். பெரிய ஹோட்டல்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாளில்தான் பில்லை வாங்கிக்கொள்ளும், காசோலைக்கு வேறொரு நாள் போக வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து விலைப்பட்டியலைச் சேர்த்து ஒரே பில் சீட்டாகப் போட முடியாத மென்பொருள், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். தொகையைத் தாய்லாந்து மொழியில் எழுத்தாலும் அச்சடிக்க வேண்டும். எக்செலிலேயே இதற்கு ‘பாட்டெக்ஸ்ட்’ என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. அதுகூட இல்லாத ஈ.ஆர்.பி. எதற்கு?

ஷாப்பி, லாசாடா கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். வந்த தொகையை விற்பனை என்று எழுதுவது தவறு. முழு விற்பனை ஒரு பக்கம், கமிஷன் செலவு இன்னொரு பக்கம் என்று பிரிக்கிறதா பாருங்கள்.

விலை பேசும்போது மாதச் சந்தாவை மட்டும் பார்க்காதீர்கள். அமைத்துக் கொடுக்க, பழைய தரவை ஏற்ற, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். என் அனுபவத்தில் முதல் வருடச் சண்டையெல்லாம் அதில்தான். சம்பளம், உற்பத்தி என்று எல்லாப் பகுதியையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு: இப்போதைக்கு இந்த நான்கு போதும். விலகும்போது உங்கள் தரவு முழுவதும் எக்செலாகக் கிடைக்கும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: ஒரு கம்பெனி சிங்கப்பூரில் இருக்கிறது, மாதா மாதம் கார்டில் கட்டச் சொல்கிறது. வரி விஷயத்தில் சிக்கல் வருமா?

பதில்: சிக்கல் இல்லை, ஒரு வேலை கூடும். 2021 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டு இணையச் சேவைகள் இங்கே வாட் கட்டுகின்றன. ஆனால் அது வாட் பதிவு இல்லாதவர்களுக்கு விற்பதற்கு. நீங்கள் பதிவு செய்தவர். ஆகவே 7 சதவீதத்தை ‘போ.போ. 36’ படிவத்தில் நீங்களே கட்டிவிட்டு, அப்புறம் மாதாந்திர வாட் கணக்குப் படிவமான ‘போ.போ. 30’இல் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டணம் உரிமத் தொகையாக (ராயல்டி) கருதப்பட்டால் வரிப் பிடித்தமும் வரலாம். கையெழுத்துக்கு முன்னால் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கணக்கரா! ஒன்பது வருடமாகப் பார்க்கும் அந்த அம்மா, பழைய எக்ஸ்பிரஸ் மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். வேலை போய்விடும் என்ற பயம்போல.

பதில்: வேலை போகாது என்று நீங்களே சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கியல் சட்டப்படி தகுதியுள்ள கணக்கர் இல்லாமல் நீங்கள் கம்பெனி நடத்த முடியாது. ஒவ்வொரு வருடமும் தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்யவும் அவர் வேண்டும். டெமோவுக்கு அவரைக் கூப்பிட்டு, மேலே சொன்ன கேள்விகளை அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். தட்டச்சு வேலை குறையும் என்று கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

தொடங்கும் நாளையும் அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். டிசம்பர் உணவகங்களுக்குச் சீசன், ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், இரண்டும் வேண்டாம். மழைக்காலத்தில் மந்தமான ஒரு மாதத்தின் 1ஆம் தேதி சரி. முந்தின நாள் கிடங்கைப் பூட்டிவிட்டு மூட்டை மூட்டையாக எண்ணி அந்த எண்ணையே ஏற்றுங்கள், எக்செல் எண்ணை அல்ல. எண்ணும்போது குறை தெரிந்தால் புதுக் கணக்கில் ஓசைப்படாமல் சரிக்கட்டிவிடாமல், முதலில் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தக் குறைக்கும் வரி இருக்கிறது.