பழைய டீசல் எஞ்சினில் பொரித்து மீந்த எண்ணெயை ஊற்றி ஓட்டலாமா?

கிணற்றடியில் நிற்கும் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில், உணவகங்களில் பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி அப்படியே ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும், அதில் ஐயமில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. அதைப் பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே வேறுபாடு தெரிந்தது என்று டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பாசனப் பருவம் முழுவதும் கெடாமல் ஓடுமா என்பதற்கு, அந்த எண்ணெய் எவ்வளவு சூடாக நாசிலை (எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனையை) அடைகிறது என்பதே விடை.

40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மை, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். கடலை எண்ணெய்க்கும் புங்க எண்ணெய்க்கும் அது 40-ஐ ஒட்டி வரும். டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தச் சொல்லிப் பாருங்கள்: டீசல் புகைபோல விரிந்து வரும், குளிர்ந்த எண்ணெயோ ஒரே தாரையாகப் பீறிடும். அந்தத் தாரை முழுவதும் எரியாமல் நாசில் நுனியில் கரியாக வளர்கிறது, பிஸ்டன் ரிங்குகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டவைக்கிறது, மிச்சம் லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. நான் மிகவும் அஞ்சுவது இந்தக் கடைசிக் கேட்டைத்தான், ஏனெனில் டீசலைப் போல ஆவியாகிப் போகாத தாவர எண்ணெய், சூட்டிலும் காற்றிலும் பட்டு எஞ்சின் ஆயிலையே கூழாகத் திரளச் செய்துவிடும். பேரிங் தேயத் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரியும்.

எனவே இரண்டு தொட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். டீசலில் கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறி முழுச் சுமையில் இறைக்கத் தொடங்கிய பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மீண்டும் டீசலுக்கு வந்துவிட வேண்டும். எண்ணெயை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுத்தன்மை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கார்களில் இதற்கு ரேடியேட்டர் நீரைப் பயன்படுத்துவார்கள். நம் பம்ப்செட் எஞ்சின்களில் பலவற்றுக்குக் கிணற்று நீரே உள்ளே போய் வெளியேறிக் குளிர்விப்பதால் அந்த நீர் வெதுவெதுப்பைத் தாண்டாது; ஆகையால் சைலன்சர் குழாயின் சூட்டைத்தான் நாட வேண்டியிருக்கும். அங்கே எண்ணெய்க் குழாய் கசியாதபடி செம்பிலோ இரும்பிலோ அமைவது கட்டாயம்.

பொரித்த எண்ணெயில் நீர் இருக்கும். கொஞ்சம் எடுத்து வாணலியில் சூடாக்கினால் சடசடவென்று வெடிப்பதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். நீர் வற்றும்வரை காய்ச்சி, சில நாள் தெளியவிட்டு, மேலெண்ணெயை மட்டும் 5 மைக்ரான் ஃபில்டரில் வடித்தெடுங்கள். புது எண்ணெயை விலைக்கு வாங்கி எரிப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பயோடீசல் கிடைக்குமானால் அதையே நான் பரிந்துரைப்பேன். அதன் பாகுத்தன்மை டீசலுக்கு அருகில் வந்துவிடுவதால் சூடாக்கத் தேவையில்லை. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கும், தொட்டியின் பழைய கசடைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் தொடக்கத்தில் ஃபில்டர் விரைவில் அடைபடும். மெத்தனால் கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றுவதும்கூட. வீட்டில் காய்ச்ச முயல வேண்டாம். மண்ணெண்ணெயைத் தனியே ஊற்றுவதும் வேண்டாம், அதில் வழவழப்பு போதாததால் பம்ப் எலிமென்ட் (எரிபொருளை அழுத்தித் தள்ளும் உள் தண்டு) தேய்ந்துவிடும்.

உங்கள் எஞ்சினில் இருப்பது, கேம் (எஞ்சினோடு சுழலும் புடைப்பு) தள்ளி இயங்கும் தனி எலிமென்ட் பம்ப்பாக இருந்தால் துணிந்து தொடங்கலாம். எரிபொருளாலேயே உயவு பெறும் ரோட்டரி பம்ப் என்றால் கெட்டியான எண்ணெயில் அது இறுகி உடையக்கூடும். அதற்குப் பயோடீசல் மட்டுமே. எதை ஊற்றினாலும் எஞ்சின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுப் பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ பிசுபிசுப்பு மிகுந்திருந்தாலோ அன்றே ஆயிலை இறக்கிவிட்டு நாசிலைக் கழற்றிச் சோதியுங்கள்.