மோஷன் கிராஃபிக்ஸ் கேள்வி பதில்: மென்பொருள் நம்மைக் கேட்காமல் எடுக்கும் முடிவுகள்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அடோபியின் அசைபட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பற்றியவை, ஒன்றிரண்டு 3டி மென்பொருளான பிளெண்டர் பற்றியவை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பாதிக்கு மேல் கேட்டவரின் தவறே இல்லை. மென்பொருள் தானாக ஒரு அமைப்பைத் தேர்ந்துகொள்கிறது, அதை நம்மிடம் சொல்வதில்லை. விசைகளை விண்டோஸ் கணக்கில் எழுதியிருக்கிறேன். மேக்கில் கன்ட்ரோலுக்குக் கமாண்ட், ஆல்ட்டுக்கு ஆப்ஷன்.

லோகோ ஓரிடத்தில் இரண்டு விநாடி நிற்க வேண்டும். ஒரே மதிப்பில் இரண்டு பொசிஷன் கீஃபிரேம் (இந்த நேரத்தில் இந்த இடம் என்று குறிக்கும் புள்ளி) வைத்தும் நிற்காமல், லேசாக நகர்ந்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஏன்?

பொசிஷன் கீஃபிரேமுக்கு இரண்டு விதமான இடைக்கணக்கு (இன்டர்பொலேஷன்) உண்டு. ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று பாதைக்கு. பாதைக்கானது தானாகவே வளைவாக, அதாவது ஆட்டோ பெசியராக அமைகிறது. முன்னும் பின்னும் உள்ள கீஃபிரேம்களைப் பார்த்து அது கைப்பிடிகளை நீட்டிவிடும். அதனால் ஒரே புள்ளியில் இருக்கும் இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சுழி உருவாகிறது. லோகோ அந்தச் சுழியில்தான் போய்வருகிறது.

இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்து கன்ட்ரோல் + ஆல்ட் + கே அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஸ்பேஷியல் இன்டர்பொலேஷன்' என்பதை லீனியர் ஆக்குங்கள். மேலே இருக்கும் 'டெம்போரல்' வரியைத் தொட வேண்டாம், தொட்டால் ஈஸ் (மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும் தன்மை) போய்விடும். இனிமேல் இது வரவே கூடாது என்றால் பிரிஃபரன்சஸ், ஜெனரல் பக்கத்தில் 'டிஃபால்ட் ஸ்பேஷியல் இன்டர்பொலேஷன் டு லீனியர்' என்பதை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே வைத்த கீஃபிரேம்களை இது மாற்றாது.

எஃப்9 அழுத்தி ஈஸ் கொடுக்கிறேன். எல்லா அசைவும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். எஃப்9 எல்லாக் கீஃபிரேமுக்கும் இரண்டு பக்கமும் 33.33 சதவீத இன்ஃப்ளுயன்ஸே (ஈஸ் எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற அளவு) கொடுக்கிறது. கிளம்பும் வேகமும் நிற்கும் வேகமும் சமமாக இருந்தால் அசைவுக்குக் குணமே இருக்காது. கீஃபிரேமைத் தேர்ந்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே அழுத்தினால் வேகப் பெட்டி திறக்கும். திரைக்குள் வரும் பொருளுக்கு, முதல் கீஃபிரேமில் 'அவுட்கோயிங்' இன்ஃப்ளுயன்ஸ் 15, கடைசிக் கீஃபிரேமில் 'இன்கமிங்' இன்ஃப்ளுயன்ஸ் 85 என்று கொடுத்துப் பாருங்கள். பாய்ந்து வந்து பதமாக அமரும். வெளியேறும் பொருளுக்கு இதையே தலைகீழாக.

கிராஃப் எடிட்டரில் எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியே வளைக்க 'செபரேட் டைமென்ஷன்ஸ்' போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். போட்டதும் திரையில் பாதையை வளைக்கும் கைப்பிடிகள் போய்விடும். மேலும் கீழும் குதிக்கும் பந்துக்கு அது சரி. வளைந்து பறக்கும் பறவைக்குச் சரிப்படாது.

வளைந்த பாதையில் ஐந்து கீஃபிரேம். ஒவ்வொன்றிலும் வேகம் மாறி வெட்டி வெட்டிப் போகிறது.

நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் தேர்ந்து வலது கிளிக், 'ரோவ் அக்ராஸ் டைம்'. அவை வட்டப் புள்ளிகளாக மாறி, வேகம் சீராகும்படி தாமே இடம் மாறிக்கொள்ளும். முதலும் கடைசியும் ரோவ் ஆகாது.

நான்கு விநாடி லூப். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடிப்பு தட்டுகிறது.

25 ஃபிரேம் வேகத்தில் நான்கு விநாடி என்றால் 100 ஃபிரேம். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் கடைசி ஃபிரேம் 99. நீங்கள் முடிவுக் கீஃபிரேமை 99-இல் வைத்திருப்பீர்கள். அப்போது 0-உம் 99-உம் ஒரே படம். சுற்று முடிந்து தொடங்கும்போது அந்தப் படம் இருமுறை வருகிறது. அதைத்தான் கண் நொடிப்பாகப் பிடிக்கிறது. முடிவுக் கீஃபிரேமை 100-இல் வையுங்கள். ஏற்றுமதி 99-உடன் முடியட்டும். காம்பின் (காம்பொசிஷன், அதாவது அடுக்குகளைச் சேர்த்து அசைவு அமைக்கும் தளம்) நீளத்தைத் தாண்டி 100 இருப்பதால், காம்பைக் கொஞ்சம் நீட்டி, ஏற்றுமதியாகும் பகுதியான ஒர்க் ஏரியாவை 0 முதல் 99 வரை வைப்பது சுலபம். பிளெண்டரிலும் இதே கணக்குத்தான். 1-இலும் 101-இலும் கீஃபிரேம், ரெண்டர் (இறுதிப் படமாக்கல்) 1 முதல் 100 வரை.

ஃப்ராக்டல் நாய்ஸ் (புகை, மேகம் போன்ற உருவம் தரும் எஃபெக்ட்) மாதிரி ஓடும் பின்னணி என்றால், எவொல்யூஷன் ஆப்ஷன்ஸ் உள்ளே 'சைக்கிள் எவொல்யூஷன்' டிக் செய்து சைக்கிளை 2 ஆக்குங்கள். எவொல்யூஷனை 0-விலிருந்து சரியாக 2 சுற்று வரை ஓட்டுங்கள். டிக் செய்யாவிட்டால், முழுச் சுற்றில் முடித்தாலும் தொடக்கப் படமும் முடிவுப் படமும் பொருந்தாது.

ஷேப் லேயரில் (மென்பொருளுக்குள்ளேயே வடிவம் வரையும் அடுக்கு) வரைந்த சக்கரம். மோஷன் பிளர் (அசைவு மங்கல்) போட்டும் மங்கலாகாமல் ஆரங்கள் பத்துப் பதினைந்து நிழலாகத் தனித்தனியே தெரிகின்றன.

ஒரு ஃபிரேமின் பிளர் என்பது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பல நிலைகளில் எடுத்த படங்களின் கலவை. ஷேப் லேயருக்கும் 3டி லேயருக்கும் அந்த எண்ணிக்கை 16 என்று வைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் வேகமாகச் சுற்றும்போது 16 நிலைகளும் ஒன்றை விட்டு ஒன்று தள்ளி விழுகின்றன, நடுவில் இடைவெளி. காம்பொசிஷன் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் 'சாம்பிள்ஸ் பெர் ஃபிரேம்' என்பதை 32 ஆக்குங்கள், போதாவிட்டால் 48. ரெண்டர் நேரம் கூடும். அதனால் வேலை முடியும் வரை 16-இலேயே வைத்து, கடைசியில் ஏற்றுவது நல்லது.

பிளர் அதிகமாக வேண்டும் என்பதற்காக ஷட்டர் கோணத்தை 360-க்கு ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. இருக்கும் 180 டிகிரி, 25 ஃபிரேமில் விநாடியில் 50-இல் ஒரு பங்கு. கேமராவில் எடுத்த காட்சியோடு பொருந்துவது அதுதான்.

ஐகானைப் பெரிதாக்கினால் ஸ்ட்ரோக்கும் (ஓரக்கோடு) தடிக்கிறது. தடிமன் மாறாமல் பெரிதாக்க முடியுமா?

முடியும், எக்ஸ்பிரஷனே (சிறு நிரல் வரி) வேண்டாம். ஷேப் லேயரைத் திறந்து, பாத் மட்டும் ஒரு குரூப்புக்குள் இருக்கும்படியும், ஸ்ட்ரோக் அந்தக் குரூப்புக்கு வெளியே அதன் கீழே இருக்கும்படியும் இழுத்து வையுங்கள். இப்போது லேயரின் ஸ்கேலைத் தொடாமல் அந்தக் குரூப்பின் டிரான்ஸ்ஃபார்ம் ஸ்கேலை மாற்றுங்கள். முதலில் பாத் பெரிதாகிறது, அதன்பிறகே ஸ்ட்ரோக் வரையப்படுகிறது. அதனால் 4 பிக்சல் 4 பிக்சலாகவே நிற்கும்.

இல்லஸ்ட்ரேட்டர் படத்தை 300 சதவீதம் ஆக்கினால் மங்குகிறது. சூரியன் ஐகானை அழுத்தினால் தெளிவாகிறது, ஆனால் டிராப் ஷேடோ மாறிவிடுகிறது.

சாதாரணமாக ஒரு லேயரில் முதலில் மாஸ்க், பிறகு எஃபெக்ட், கடைசியில் டிரான்ஸ்ஃபார்ம். 10 பிக்சல் தள்ளிய நிழல், பிறகு மூன்று மடங்கு பெரிதாகி 30 பிக்சலாகத் தெரிந்தது. சூரியன் ஐகான் அந்த வரிசையை மாற்றுகிறது. முதலில் பெரிதாக்கி வரைந்துவிட்டு அதன்மேல் எஃபெக்ட் போடுகிறது. ஆகவே 10 பிக்சல் 10 ஆகவே நிற்கிறது. நிழலின் டிஸ்டன்ஸ், சாஃப்ட்னஸ் இரண்டையும் மூன்றால் பெருக்கிவிடுங்கள், பழைய தோற்றம் வந்துவிடும். ஸ்கேல் அசைகிறதென்றால் இப்படிப் பெருக்கிச் சமாளிக்க முடியாது. எஃபெக்ட் உள்ளே இருக்கும்படி ப்ரீகாம்ப் செய்து (லேயரைத் தனிக் காம்புக்குள் அடக்கி) வெளியே ஸ்கேல் செய்யுங்கள். ஆனால் உள்ளே படத்தைப் பெரிய அளவில் வைத்து, வெளியே 100 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். டெக்ஸ்ட் அனிமேட்டர் போட்டால் கொம்பு முதலில், பிறகு எழுத்து, பிறகு கால் என்று உடைகிறது.

முதலில், பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவா என்று பாருங்கள். அவற்றில் கொம்பும் காலும் தனி எழுத்துகளாகவே பதிவாகின்றன, எந்த அமைப்பும் உதவாது. யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுங்கள். கொஞ்சம் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பக்கத்தில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றி, மூடித் திறந்து, புது லேயரில் தட்டச்சிடுங்கள்.

வரி முழுவதும் அசைய வேண்டிய இடங்களில் ரேஞ்ச் செலக்டர், அட்வான்ஸ்டு, 'பேஸ்டு ஆன்' என்பதை வேர்ட்ஸ் ஆக்கிவிடுவதே என் பரிந்துரை. தமிழுக்குச் சொல் சொல்லாக வருவதுதான் படிக்கவும் வசதி. தலைப்பு மாதிரிச் சின்னச் சொல்லுக்கு எழுத்தெழுத்தாகவே வேண்டும் என்றால், இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் ஆக்கி, 'கொ' என்றால் கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே குரூப்பாகச் சேர்த்து, 'ரிலீஸ் டு லேயர்ஸ்' கொடுங்கள். பிரிந்தவை ஒரு தாய் லேயருக்குள் உள் லேயர்களாக இருக்கும். அவற்றை வெளியே இழுத்த பிறகே சேமியுங்கள்; இல்லாவிட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எல்லாம் ஒரே லேயராக வரும்.

கிரேடியன்ட் பின்னணியில் பட்டை பட்டையாக வருகிறது.

ப்ராஜெக்ட் பேனலின் அடியில் '8 பிபிசி' (ஒரு வண்ணச் சேனலுக்கு 8 பிட்) என்று இருக்கும். ஆல்ட்டோடு கிளிக் செய்தால் 16 ஆகும். இது கணக்குப் போடும்போது வரும் பட்டையை நீக்கும். கடைசியில் 8 பிட் எச்.264 ஆக்கும்போது மறுபடி வரலாம். அதற்கு மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் நாய்ஸ் 1 முதல் 2 சதவீதம், கலர் நாய்ஸ் இல்லாமல். பிட்ரேட்டைக் கஞ்சத்தனமாக வைத்தால் அந்த நாய்ஸைக் கம்ப்ரஷன் துடைத்துவிடும், பட்டையும் திரும்பிவிடும்.

காம்ப் அப்டேட் ஆகவில்லை. சிவப்புச் சட்டம் தெரிகிறது.

கேப்ஸ் லாக். எடுத்துவிடுங்கள்.

பிளெண்டரில் இரவு முழுக்க ரெண்டர், பாதியில் மின்சாரம் போய் எம்பி4 கோப்பே திறக்கவில்லை.

நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். முடிவுரை எழுதப்படாத எம்பி4 திறக்காது. உள்ளே 200 ஃபிரேம் இருந்தும் பயனில்லை. பி.என்.ஜி. வரிசையாக எடுங்கள். அவுட்புட் பக்கத்தில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஃபிரேம்களைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடரும் முன் கடைசிக் கோப்பை அழித்துவிடுங்கள். அது பாதி எழுதியதாக இருக்கலாம், இருக்கிறது என்று எண்ணி பிளெண்டர் அதையும் தாண்டிவிடும்.

அந்த வரிசையை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொண்டுவரும்போது இன்னொரு பொறி. எந்த வேகத்தில் எடுத்திருந்தாலும் அது 30 ஃபிரேம் என்றே எடுத்துக்கொள்ளும். 25-இல் எடுத்த 250 ஃபிரேம், 10 விநாடிக்குப் பதில் 8.33 விநாடியில் ஓடி முடியும். ஒலியோடு சேரவில்லை என்று கீஃபிரேம்களைத் தேடாமல், கோப்பைத் தேர்ந்து கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி அழுத்தி 25 என்று மாற்றுங்கள். இதே பெட்டியில்தான் ஆல்ஃபா (ஒளிபுகும் தன்மை) அமைப்பும் இருக்கிறது. ஓரங்களில் கருப்புக் கோடு வந்தால் 'கெஸ்' பொத்தானை அழுத்தி, ஸ்ட்ரெய்ட்டா பிரீமல்டிப்ளைடா என்று பாருங்கள்.

ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கிற, கையால் வரைந்தது போன்ற அசைவு வேண்டும்.

உள்காம்பை 12 ஃபிரேம் வேகத்தில் வைத்து, அதன் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'பிரிசர்வ் ஃபிரேம் ரேட்' டிக் செய்து, 24 ஃபிரேம் காம்புக்குள் போடுங்கள். டிக் செய்யாவிட்டால் வெளிக்காம்பின் வேகத்தையே எடுத்துக்கொள்ளும். வெளியே 25 என்றால் உள்ளே 12.5 வையுங்கள், 12 வைத்தால் எங்கோ ஒரு படம் மூன்று ஃபிரேம் நின்று இடறும். பிளெண்டரில் கிராஃப் எடிட்டரின் மாடிஃபையர்களில் 'ஸ்டெப்டு இன்டர்பொலேஷன்', ஸ்டெப் சைஸ் 2. கேமராவுக்கு மட்டும் இதைப் போட வேண்டாம். பாத்திரம் விட்டுவிட்டு அசையலாம். பின்னணி முழுதும் அப்படி நகர்ந்தால் கண் வலிக்கும்.